ஆறாம் விரலுக்கு நாலு எல்லை

பொன்னுரங்கத்தின் வலது கையில் ஆறு விரல். ஆறாவது விரலில் மட்டும் ஒரு வெள்ளி மோதிரம் கிடக்கும். மற்ற ஐந்துக்கும் அந்த யோகம் இல்லை.

யார் வந்தாலும் அந்தக் கையைத்தான் முதலில் நீட்டுவார். மாடம்பாக்கத்தில் அப்பன் பாட்டன் உழுத நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்த மனுஷன் அவர். மனை பார்க்க வருகிறவர்களிடம் லேஅவுட் படத்தை விரித்துவைத்து, சுண்டுவிரலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி விரலால்தான் முப்பதடி ரோட்டைத் தொட்டுக் காட்டுவார். அந்த விரல் தொட்ட மனை சீக்கிரமே விலை ஏறும் என்று தரகர்கள் கதை கட்டியிருந்தார்கள். கட்டச் சொன்னதே அவர்தான் என்றும் ஊரில் பேச்சு.

அவர் வீட்டில் ஆண் குழந்தை ஆறு விரலோடு பிறந்தால், பேர் வைக்கிற அன்றைக்கே அந்த விரலுக்கு வெள்ளி மோதிரம் போட்டுவிடுவார்கள். அவருக்குப் போட்டார்கள், தம்பி சிட்டிபாபுவுக்குப் போட்டார்கள், மகன் ஜெயவேலுவுக்குப் போட்டார்கள். தங்கை செல்லியம்மாளின் பையன்களுக்குத் தாய்மாமன் என்கிற முறையில் இவரே போட்டார். சிலருக்கு நகத்தோடு முழு விரல். சிலருக்கு அவரை விதை மாதிரி தோலில் தொங்குகிற விரல். அதற்குத் தக்கபடி வளையமும் சின்னது.

"இது எங்க வம்சத்துல ஆம்பளைக்குத்தாம்மா வரும். பொட்டப்புள்ளைக்கு வராது. தங்கச்சி வழியாப் போவும், ஆனா தங்கச்சிகிட்ட தங்காது. சாமி வச்ச முத்திரை," என்று ரத்தம் எடுக்க வந்த பொன்னியிடம் முதல் நாளே சொன்னார்.

பொன்னிக்கு முதல் நாளே சுருக்கென்று ஏறியது. சாமியும் ஆள் பார்த்துத்தான் முத்திரை குத்துகிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் கையில் ஊசி இறங்கியிருந்ததால் கேட்கவில்லை.

பொன்னி ஈஞ்சம்பாக்கம் குப்பத்துப் பெண். அப்பா பூவராகன் கடலுக்குப் போகிறவர், அம்மா பாப்பா மீன் விற்கிறவள். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் இவள்தான். தாண்டியவள் அதோடு நிற்காமல் எம்.எஸ்சி. வரைக்கும் போய்விட்டாள். தொண்ணூற்று நான்கில் குரோம்பேட்டையில் ஒரு டிரஸ்ட் நடத்திய மரபியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற வாய். கல்லூரியில் அந்த வாயால் இரண்டு தடவை பிரின்சிபால் அறைக்குப் போய்வந்தவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள், "இன்னாடி, வெரல எண்றதுக்கா எம்மெஸ்ஸி படிச்சே? அத்த நான் மீன் வெட்டிக்கினே எண்ணுவேனே."

விரலை எண்ணுவதல்ல வேலை. இந்த விரலை முளைக்கச் சொல்கிற ஜீன், மனுஷ உடம்பின் இருபத்து மூன்று ஜோடி குரோமோசோமில் எதில், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய குடும்பம் வேண்டும், மூன்று தலைமுறையின் ரத்தம் வேண்டும். பொன்னுரங்கம் குடும்பம் அதற்கென்றே வாய்த்த மாதிரி பெருத்திருந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று அவரே ஒரு நாள் கேட்டார். பொன்னி பீச்சிலிருந்து தாம்பரம் வரும் எலக்ட்ரிக் ரயிலை வைத்துச் சொன்னாள். குரோமோசோம் ஒரு ரயில். ஜோடியில் இரண்டு ரயில் உண்டு. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இரண்டும் நடுவழியில் பெட்டிகளை மாற்றிக்கொள்ளும். தூரத்துப் பெட்டிகளில் இருக்கிற இரண்டு பேர் அப்போது பிரிந்துபோவார்கள். பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் பிரிய மாட்டார்கள். மார்க்கர் என்பது எந்த சீட்டில் இருக்கிறான் என்று நமக்குத் தெரிந்த ஆள். அவனை லேபில் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடாகப் பார்க்கலாம். ஜீன், சீட் தெரியாத ஆள். ஆறாம் விரல் போன கைக்கெல்லாம் அதே கோடும் கூடவே போயிருந்தால், இரண்டு பேரும் பக்கத்து சீட்டு.

பொன்னுரங்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா ரயிலு? எல்லைக்கல்லுன்னு சொல்லேன்," என்றார். "தெரிஞ்ச கல்லுலேர்ந்து அளந்துகினே போயித் தெரியாத மனையப் புடிக்கிறே. சர்வேயர் வேலை. புடிச்சதும் சர்வே நம்பரை எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

பொன்னிக்கு அவர்மேல் இருந்த கோபம் ஒரு ஓரமாகக் கொஞ்சம் கரைந்தது. முழுசாகக் கரையவில்லை.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் தயாளன் நல்லவர், நியாயமானவர், தன் கருத்தின்மேல் தீராத காதல் உள்ளவர். பொன்னுரங்கத்தின் பேச்சைப் பொன்னி வந்து சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஆண்களிடம் மட்டும் வெளிப்படுகிற ஜீன்! பெண்களிடம் ஒளிந்திருக்கும், அவர்கள் பெற்ற பையன்களிடம் எட்டிப் பார்க்கும். அந்தத் தலைப்பில் கட்டுரையின் முதல் பக்கத்தையே டைப் அடித்துவைத்துவிட்டார். மனை விற்கிறவரும் டாக்டரும் ஒருவரையொருவர் சரியாகச் சந்திக்காமலே ஒரே முடிவுக்கு வந்ததைப் பார்த்து, ஆம்பளைகளுக்குள் இதுவும் பரம்பரையாக வருகிறது போலிருக்கிறது என்று பொன்னி லேப் டெக்னீஷியன் சவுரிமுத்துவிடம் சொன்னாள். சவுரிமுத்து தானும் ஆம்பளைதான் என்று நினைவுபடுத்தினார்.

விரல் சம்பந்தப்பட்ட வேறொரு கோளாறை வெளிநாட்டில் ஏழாவது குரோமோசோமில் கண்டுபிடித்திருந்ததால், இவர்களும் ஏழாவதிலேயே தேடினார்கள். சவுரிமுத்து ஃபிலிம்களைக் கழுவிக் காயப்போட்டார். ஏழாவதில் ஒரு மார்க்கர் ஆண்களின் ஆறாம் விரலோடு ஒட்டிக்கொண்டே போனது. ஆனால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தந்த மதிப்பெண் ஒன்று புள்ளி ஒன்பதில் நின்றுவிட்டது. மூன்றைத் தொட்டால்தான் உலகம் நம்பும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தற்செயலாகவும் இருக்கலாம். பெண்களின் கையில் ஒன்றும் தெரியாததால் அவர்களைக் கணக்கில் சேர்க்க வழியில்லை. பாதிக் குடும்பத்தை வைத்துக்கொண்டு முழு மார்க் எப்படி வரும்?

தயாளன் தெளிவாகவே சொன்னார். மார்ச் கடைசிக்குள் மூன்று வந்தால், இந்த ஜீனின் இடத்தையே ஆராய்ச்சித் தலைப்பாக வைத்து பொன்னியின் பெயரைப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்வார். வராவிட்டால் இந்தக் குடும்பத்தை மூடிவிட்டு, இடம் சொல்லாமல் ஆண்கள் கட்டுரையை மட்டும் அனுப்புவார். பொன்னி மாட்டுக் குரோமோசோம் எண்ணுகிற பிராஜெக்டுக்குப் போகலாம். அம்மாவிடம் விரல் எண்ணுகிறேன் என்று சொல்வதே பெரும்பாடாக இருந்தது. இனிமேல் மாடு என்று எப்படிச் சொல்வது?

தை மாதம் பொன்னுரங்கத்தின் மகள் ஜெயக்கொடிக்கு வளைகாப்பு வந்தது. பொழிச்சலூரில் வாழ்க்கைப்பட்டவள். ரத்தம் எடுக்கப் போன நாளிலிருந்து பொன்னியிடம் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டவள். வராவிட்டால் என் ரத்தத்தைத் திருப்பித் தா என்று மிரட்டிக் கூப்பிட்டிருந்தாள். தாயில்லாத வீடு என்பதால் அத்தை செல்லியம்மாள்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினாள். வாசலில் பந்தல் போட்டு ஆண்கள் புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, உள்ளே கூடத்தில் பெண்கள் மட்டும். ஜெயக்கொடிக்கு அடுக்கி முடித்ததும் வந்த பெண்கள் எல்லோருக்கும் வளையல் போட வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்த பொன்னியின் மடியில் ஒரு தட்டு வளையலை வைத்து, படிச்ச கை, உடைக்காமல் போடு என்றாள் செல்லியம்மாள்.

வளையல் போடுவது லேசுப்பட்ட வேலையில்லை. கையைக் குவித்துப் பிடித்து, விரல் முட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி அமுக்க வேண்டும். அப்படி அமுக்கும்போதுதான் சிட்டிபாபுவின் மகள் தனக்கோடியின் வலது கையில், சுண்டுவிரலுக்கு வெளியோரம், அரிசி மணி அளவில் ஒன்று பொன்னியின் கட்டைவிரலில் தட்டுப்பட்டது. இது என்ன என்று கேட்டாள். சின்ன வயதில் பெருச்சாளி கடித்தது என்றாள் தனக்கோடி.

பொன்னியின் கை நின்றது. ரத்தம் எடுத்த அன்றைக்கு ஜெயக்கொடியின் கையிலும் இதே இடத்தில் ஒன்று பார்த்திருந்தாள். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று அவள் சொல்லியிருந்தாள். செல்லியம்மாளின் கையிலும் இருந்தது. அதற்கு அவள் சொன்னது அரிவாள்மணை. கதவும் அரிவாள்மணையும் பெருச்சாளியும் சொல்லிவைத்துக்கொண்டு ஒரே இடத்துக்கா வரும்?

பொன்னி அடுத்த கையை வாங்கினாள், அதற்கடுத்த கையை வாங்கினாள். சில கை வழவழவென்று இருந்தது. சில கையில் அரிசி மணி இருந்தது. அதற்குமேல் அவளால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஏங்க, உங்க வூட்டுப் பெருச்சாளிக்கு இந்த இடம்னா அவ்ளோ ருசியா?" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "ஒரு ஆம்பளையக்கூடக் கடிக்கலியே அது."

கூடம் கப்பென்று அடங்கியது. அடங்கிய இடத்தில் யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது. கடைசியில் ஜெயக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கை நிறைய வளையல் கலகலத்தது. செல்லியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பிறகு அவள் சொன்னதில் சுற்றி வளைத்தல் இல்லை. ஆறு விரல் பெண்களுக்கும் வரும், ஆண்களுக்கு வருகிற மாதிரியேதான் வரும். பிள்ளை பிறந்த அறைக்குள் ஆண்கள் வருவதற்கு முன்னால் பட்டு நூலை எடுத்து அந்த விரலின் காம்பில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். சில நாளில் அது கறுத்துக் காய்ந்து விழுந்துவிடும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் துணி சுற்றி மறைத்து வீட்டுக்கு வந்து கட்டுவார்கள். யாரும் கேட்டால் கதவு, அரிவாள்மணை, பெருச்சாளி.

"ஆம்பளைக்கு ஆறு வெரலுன்னா அதிர்ஷ்டம். அதே பொண்ணுக்கு இருந்தா, போற வூட்டுக்கு ஆவாதுன்னு எவனாவது சொல்லிடுவான்," என்றாள் செல்லியம்மாள். "எதுக்கு வம்பு? எங்க அண்ணனுக்கே தெரியாது. பெத்த பொண்ணுக்கு இருந்ததும் தெரியாது, கூடப் பொறந்த எனக்கு இருந்ததும் தெரியாது. நீ உன் ஆபீஸ்ல சொல்லிக்கோ. எங்க வூட்டு ஆம்பளைங்க காதுல வுழக் கூடாது. சத்தியம் பண்ணு."

பொன்னி சத்தியம் செய்தாள். செய்யும்போதே உள்ளே கொதித்தது. ஒரே விரல். ஒரு கையில் முளைத்தால் மோதிரம், இன்னொரு கையில் முளைத்தால் நூல். ஆனால் அந்தக் கொதிப்புக்கு அடியிலேயே இன்னொன்றும் துள்ளியது. பெண்களும் கணக்கில் வந்துவிட்டார்கள். முழுக் குடும்பமும் இப்போது கையில்.

மறுநாள் காலை தயாளன் அறைக்குள் போன வேகத்தில் கதவைத் தட்டக்கூட மறந்துவிட்டாள்.

"ஆம்பளைக்கு மட்டும் வர்றது ஜீன் இல்ல சார். மோதிரம்தான்."

தயாளன் எல்லாவற்றையும் கேட்டார். டைப் அடித்த முதல் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதில் வீம்பு பாதி, நியாயம் பாதி. "பொன்னி, நீ ஃபிலிமைப் பார்த்தாச்சு. யாருக்குக் கோடு இருக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டு தழும்பைத் தேடினா தேடின எடத்துல எல்லாம் தழும்பு தெரியும். ஃபிலிமைப் பார்க்காத கண் பார்க்கணும். நான் இதுவரைக்கும் ஸ்கோரைத்தான் பார்த்திருக்கேன். நான் வந்து ஒவ்வொருத்தர் கையையும் பார்க்கறேன். பொன்னுரங்கத்துக்கு போன் போடு."

அவர் சொன்னது சரி என்பதுதான் பொன்னிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவருக்கு போன் போட முடியாது, சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றாள். சயன்ஸில் சத்தியம் எல்லாம் கிடையாது என்றார் தயாளன். எனக்கு உண்டு என்றாள் பொன்னி. அப்படியானால் மார்ச்சோடு குடும்பத்தை மூடிவிடலாம், மாடு காத்திருக்கிறது என்றார். மூடிக்கோங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஃபிலிம் காயப்போடுகிற கொடிக்குக் கீழே நின்று மூக்கைச் சிந்தினாள். ஏழாவதிலேயே கொஞ்சம் தள்ளி ஒரு புது மார்க்கர் வந்திருக்கிறது, அதற்கும் ஃபிலிம் எடுத்து யாருக்கும் காட்டாமல் பூட்டிவைக்கிறேன், எப்போதாவது உதவும் என்றார் சவுரிமுத்து.

ஒரே ஒரு தடவை செல்லியம்மாளிடம் கேட்டுப் பார்த்தாள். மாடம்பாக்கம் கோயிலுக்குப் பின்னால் இருந்த அவள் வீட்டு அடுப்படியில், மூன்று மதிப்பெண்ணையும் மாட்டையும் மறைக்காமல் சொன்னாள். செல்லியம்மாள் கேட்டுவிட்டு, இவ்வளவு வருஷம் கழித்து அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றாள். அதற்குமேல் பொன்னி வற்புறுத்தவில்லை. பிரசவத்துக்கு வந்திருந்த ஜெயக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையும் ஆயாத கீரையும் ஒரே முறத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பங்குனி முதல் வாரத்தில் ஜெயக்கொடிக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் ரத்தம் நாலு சொட்டு வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்ததால் பொன்னி நடுப்பகலில் போய்ச் சேர்ந்தாள். ஜெயக்கொடியின் மாமியார்க்காரி காபி வாங்கப் போயிருந்தாள். பொன்னுரங்கம் வராந்தாவில் யாரிடமோ வடக்குப் பார்த்த மனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அறைக்குள் ஜெயக்கொடி, செல்லியம்மாள், துணிச் சுருளில் குழந்தை.

வலது கையில் ஆறு விரல். ஆறாவது கொண்டைக்கடலை அளவில், பொட்டு மாதிரி ஒரு நகத்தோடு.

செல்லியம்மாள் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து சிவப்புப் பட்டு நூலை எடுத்து, நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தினாள். பொன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் வாயை மூடிக்கொண்டு நின்ற சந்தர்ப்பங்கள் குறைவு. அதில் இதுதான் கஷ்டமானது.

"அத்தை, நூலை உள்ள வை," என்றாள் ஜெயக்கொடி. "பொன்னிக்கா, வெளிய நைனா கீறாரு. கூப்புடு."

"நான் கூப்பிட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சத்தியம் நீ அத்தைக்குப் பண்ணே. புள்ள என்னுது."

பொன்னி செல்லியம்மாளைப் பார்த்தாள். செல்லியம்மாள் நூலைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பொன்னி போய்க் கூப்பிட்டாள்.

பொன்னுரங்கம் சிரித்தபடியே உள்ளே வந்து, குனிந்து, குழந்தையின் கையை எடுத்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். "பொண்ணுன்னு சொன்னீங்களே," என்றார்.

"பொண்ணுதான், நைனா."

"பொண்ணுக்கு வராதே."

ஜெயக்கொடி தன் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எனக்கும் வந்துச்சு. நூல் கட்டி வுழவச்சாங்க."

"கதவு இடுக்குல மாட்டிச்சின்னு..."

"எந்தக் கதவு நைனா? சொல்லு பார்ப்போம்."

அவர் அந்த அரிசி மணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். செல்லியம்மாள் முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, வெளியே எடுத்து அவளும் நீட்டினாள். இரண்டு கைகளுக்கும் நடுவில் அவருடைய மோதிரக் கை இருந்தது.

"எல்லாருமாச் சேர்ந்து இத்தினி வருசமா என்ன மடையனாக்கிக்கீறீங்க," என்றார்.

"மடையனாக்கல அண்ணா. உன் மோதிரத்துக்குப் பங்கம் வராமப் பாத்துக்கினோம்," என்றாள் செல்லியம்மாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். செல்லியம்மாள் கட்டில் ஓரத்தில் தளர்ந்து உட்கார்ந்தாள். மோசம், எல்லாம் போயிற்று, இனி மாடுதான் என்று பொன்னி நினைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பொழிச்சலூர் சம்பந்தியம்மாள் காபி தூக்கோடு உள்ளே நுழைந்து, குழந்தையின் கையைப் பார்த்துவிட்டு, தூக்கைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். இந்தக் குடும்பத்துப் பெண்கள் இத்தனை தலைமுறையாகப் பயந்தது எல்லாம் இந்த ஒரு பார்வைக்குத்தான்.

பொன்னுரங்கம் திரும்பி வந்தார். கையில் மார்க்கெட் நகைக் கடையின் ரோஸ் நிறக் காகிதப் பொட்டலம். பிரித்தார். குன்றிமணி அளவில் ஒரு வெள்ளி வளையம்.

"பேர் வைக்கிற வரைக்கும் காத்துக்கினு இருந்தா மறுபடியும் எவளாவது நூலை எடுத்துடுவா," என்று சொல்லிக்கொண்டே அந்தக் கொண்டைக்கடலையில் அதை மாட்டப் போனார்.

"இன்னா சம்பந்தி இது?" என்றாள் பொழிச்சலூர்க்காரி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எவனாவது வெள்ளி போடுவானா? தங்கத்துல போடுங்க."

பொன்னிக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் குழந்தையின் குதிகாலில் குத்த வைத்திருந்த ஊசி தவறிக் கீழே விழுந்தது. புது ஊசி பிரிக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே பொன்னுரங்கம் தானாகவே தயாளனுக்கு போன் போட்டார். மனை விற்பதில் இருந்த அதே குரலில், எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கும் இருக்குதுங்க டாக்டர், வந்து பாருங்க என்று அழைத்தார். தன் முத்திரை பாதிப் பேரிடம் இல்லை என்று இத்தனை நாள் பெருமைப்பட்டவர், இப்போது எல்லோரிடமும் இருக்கிறது என்று பெருமைப்பட ஆரம்பித்துவிட்டார். பெருமைப்படுகிறவர்களுக்குக் காரணம் ஒரு பொருட்டே இல்லை.

தயாளன் பூதக்கண்ணாடியோடு வந்தார். கூடத்தில் மேஜை போட்டு, வீட்டில் பிறந்த பெண்கள் எல்லோரும் வரிசையாக வந்து வலது கையை வைத்தார்கள். அவர் ஒவ்வொரு ஓரத்தையும் பார்த்து, அமுக்கி, உண்டு இல்லை என்று தானே குறித்துக்கொண்டார். பொன்னியை வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. உன் மூஞ்சியைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டார். அவர் குறித்ததையும், சவுரிமுத்து பூட்டிவைத்திருந்த புது ஃபிலிமையும் கம்ப்யூட்டருக்குள் கொடுத்துவிட்டு மூவரும் நின்றார்கள். அந்தப் பெட்டி ஒரு கணக்கைப் போட ஒரு டீ குடிக்கிற நேரம் எடுக்கும். அன்றைக்கு இரண்டு டீ ஆயிற்று.

மூன்று புள்ளி ஆறு.

தயாளன் திரையைப் பார்த்தார், டைப் அடித்த அந்தப் பழைய முதல் பக்கத்தை எடுத்து நாலாக மடித்து ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது. "பிஎச்.டி. ஃபாரத்தைக் கொண்டா," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மாடுகளுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டார்.

முன்பு அவர் கேட்டிருந்தபடியே பொன்னி மாடம்பாக்கத்துக்குப் போய் முதலில் பொன்னுரங்கத்திடம் சொன்னாள். ஏழாவது குரோமோசோம், அதன் குட்டைக் கை என்கிற சின்னப் பாதி. இந்த மார்க்கருக்கும் அந்த மார்க்கருக்கும் நடுவில். அவர் திருப்திப்படவில்லை. இரண்டு எல்லைதானே சொல்கிறாய், கிரயப் பத்திரம் என்றால் நாலு எல்லை வேண்டுமே என்றார். குரோமோசோம் நூல் மாதிரி ஐயா, அதற்கு இரண்டு பக்கம்தான் என்றாள். அப்படியானால் எவனும் பக்கத்தில் ஆக்கிரமிக்க முடியாது, நல்ல இடம்தான் என்று ஒத்துக்கொண்டார். மனை எவ்வளவு பெரிசு என்று கேட்டார். நடுவில் இன்னும் நிறைய ஜீன் இருக்கும், இனிமேல்தான் அளந்து அளந்து சுருக்க வேண்டும், நாலைந்து வருஷம் ஆகும் என்றாள் பொன்னி. ஆகட்டும், பட்டா வாங்கவே அவ்வளவு ஆகிறது என்றார்.

அன்றைக்கு அவருக்குத் தலைக்குமேல் வேறு வேலை இருந்தது. நூல் கட்டிய பெண்களுக்கெல்லாம் பேர் வைத்த அன்றைக்கே வர வேண்டிய மோதிரம் வரவில்லை, இப்போது போடு என்று செல்லியம்மாள் ஆரம்பித்துவைத்திருந்தாள். தனக்கோடி சேர்ந்துகொண்டாள். வீடு முழுக்க வரிசை. ஜெயவேலுவின் மனைவியும் வந்து நின்று, தனக்கும் சின்ன வயதில் பெருச்சாளி கடித்ததாகச் சொல்லிச் சுண்டுவிரலை நீட்டினாள். வாலாஜாபாத்திலிருந்து வாழ வந்தவள் அவள்.

"மோதிரம்னு சொன்னதுக்கு அப்பறம் கடிச்ச பெருச்சாளி செல்லாதுங்க," என்றாள் பொன்னி. அந்தப் பெண்ணே முதலில் சிரித்தாள்.

செல்லியம்மாள் தன் மோதிரத்தை வாங்கி, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போட விரல் இல்லை. அரிசி மணியை ஒருமுறை தடவிவிட்டு, சுண்டுவிரலில் மாட்டினாள். அது முட்டியில் கொஞ்சம் அடம்பிடித்து இறங்கியது.

"என் மனையத்தான் எப்பவோ வித்துட்டாங்க," என்றாள் பொன்னியிடம். "பக்கத்து மனையில கட்டிக்கிறேன், வுடு."